லியனார்ட் ஏற்றி வந்த குண்டான்

கல்லுமலைத் தோட்டத்து லொறியின் ஸ்டியரிங்கை தேயிலைக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்த ஒருவன் பிடிப்பான் என்று நாற்பத்தெட்டாம் ஆண்டில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைக் கட்டி அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். லியனார்ட் பிடித்தான். பிடித்த பிறகு அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கப் பிறந்தவன் எவனும் அந்த மலையில் இல்லை.

அவன் அப்பன் கவ்வாத்துக்காரன். குனிந்து குனிந்து தேயிலையை வெட்டியே முதுகு வில்லாய்ப் போன மனுசன். நாற்பத்தெட்டில் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த இந்தத் தோட்டச் சனத்துக்கு இலங்கையில் பிரசாவுரிமை இல்லை என்றார்கள். அப்பன் லயத்து வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லியனார்ட் அப்போது மீசை அரும்பிய பயல், அவனும் கவ்வாத்துக் கத்தியோடுதான் திரிந்தான். அப்பனைப் பார்த்துச் சொன்னான்:

"நாடு இல்லன்னா போகுது விடுங்கப்பா. ஏறி ஒக்கார நாலு சக்கரம் இருந்தா நான் பொழச்சிக்குவேன்."

சொன்ன வாயோடு அன்று மாலையே லொறி கழுவப் போனான். அப்போது லொறி ஓட்டியவர் டவுனிலிருந்து வந்த சிங்களவர். அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, அவர் பேச்சைப் பேசக் கற்று, பிறகு லொறியைக் கொஞ்சம் நகர்த்தக் கற்று, அப்புறம் மலை ஏற்றக் கற்றான். நுவரெலியாவில் லைசன்ஸ் பரீட்சை வைத்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார், சிங்களத்திலேயே பதில் சொன்னான். அடுத்து இங்கிலீசில் கேட்டார். அதற்கு லியனார்ட் லொறியாலேயே பதில் சொன்னான். செங்குத்து ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்னால் வழுக்காமல் எடுத்துக் காட்டினான். பள்ளிக்கூடம் என்ன பெரிய பள்ளிக்கூடம்! படித்தவர்கள் எத்தனை பேர் அந்த ஏற்றத்தில் பின்னால் உருண்டிருக்கிறார்கள்!

ஸ்டியரிங் கைக்கு வந்ததும் அவன் நடையே மாறிவிட்டது. ஐவியைக் கட்டிக்கொண்டு வந்த கலியாண ஊர்வலத்தில்கூட அவனே ஓட்டினான். மாப்பிள்ளை ஓட்டக்கூடாது என்று மாதா கோயில் சுவாமியார் சொல்லியும் கேட்கவில்லை. லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் படம் ஒட்டியிருந்தான். கிளீனர் வீரய்யா அவனுடைய அப்பன் வயசுக்காரர், வாயில் எந்நேரமும் வெற்றிலை. முதல் வளைவிலுள்ள முனிக் கல்லுக்கு அவர் சூடம் கொளுத்தாமல் வண்டி நகராது. "மேல ரெண்டு பேரு பாத்துக்கிறாங்க, கீழ நான் பாத்துக்கிறேன்" என்பான் லியனார்ட்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தக் குண்டான் வந்து சேர்ந்தது.

அறுபத்துநாலாம் ஆண்டு. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து நம் சனத்தைத் தலை தலையாகப் பங்கு போட்டிருந்த நேரம். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. யார் அங்கே, யார் இங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் லயத்தில் ஒருவன் தும்மினால்கூட, கப்பல் ஊதிவிட்டது என்று மூட்டை கட்டுவார்கள்.

கல்லுமலைக்கு மேலே தேயிலை ஆராய்ச்சிக்கென்று ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கே கணேசமூர்த்தி என்று யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். தேயிலைச் செடிக்குப் போடுகிற உரம் வேரிலிருந்து கொழுந்துக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. அதற்காகக் கொஞ்சம் உரத்தில் அணுச் சத்தை ஏற்றி, கனத்த ஈயப் பாத்திரத்தில் அடைத்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். கொழும்பிலிருந்து கொட்டகலை வரை ரயில். கொட்டகலையிலிருந்து மேலே கொண்டுவர லொறி வேண்டும். தோட்டத்துத் துரை லொறியைக் கொடுத்தார். லொறி என்றால் லியனார்ட்.

லியனார்ட் நேரே ஐயாவிடம் போய்க் கேட்டான்.

"ஐயா, அது வெடிக்குங்களா?"

"வெடிக்காது. உள்ளுக்கிருந்து வெளிச்சம் மாதிரி ஒண்டு வந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஈயம் அதை மறிக்கும். தூரமும் மறிக்கும். லொறியின்ர பின்பக்கக் கடைசியில கட்டும். அதுக்குக் கிட்ட ஒருத்தரையும் இருக்க விடாதையும். அவ்வளவுதான், கண்டீரோ?"

லியனார்டுக்குப் பாதி விளங்கியது. பாதி விளங்கினால் அவனுக்குப் போதும், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வான். கொட்டகலை பஜாரில் தேத்தண்ணிக் கடையில் இறங்கியதும் ஒருவன் கேட்டான்: "என்னாண்ணே, அடுத்து என்னா லோடு?"

லியனார்ட் மீசையைத் தடவினான். இலங்கையில் எந்த லொறிக்காரனும் ஏற்றாத லோடு. சும்மா சொல்ல முடியுமா?

"அணுக் குண்டான்டா!"

அவன் சொன்னது குண்டானை. நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சுகிற உருண்டைப் பாத்திரம். அணுவை வைத்த குண்டான் என்றுதான் சொன்னான். கடையில் இருந்தவர்கள் காதில் விழுந்ததோ 'அணுகுண்டுதான்டா' என்று. நம் தமிழ் அப்படி, ஒரு எழுத்து நழுவினால் சோற்றுப் பானை ஊரையே எரிக்கும். கடையில் இருந்த பாதிப்பேர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். தன் பெருமையைக் கேட்டு மலைத்துப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் லியனார்ட்.

செய்தி லொறியை முந்திக்கொண்டு மலை ஏறிவிட்டது. மறுநாள் காலையில் ஐவி லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணீரைப் பிடிக்கப் போனாள். பேச்சியம்மா குறுக்கே நின்றாள். லயத்தில் அடுத்த அறைக் காம்பிராக்காரி, நேற்றுவரை உப்பு கடன் வாங்கியவள்.

"ஐவி, கொடத்த அங்கிட்டு வையி. ஒம் புருசன் குண்டு ஏத்தப் போறானாமில்ல. அந்தக் கையால தொட்ட கொடம் எங்க பீலியில வேணாம்."

"எங்க வீட்டுக் கொடத்த அவரு எப்பக்கா தொட்டாரு?" என்றாள் ஐவி. "அவரு கழுவுறது லொறிய மட்டுந்தான். நீங்க வேணும்னா ஒங்க வீட்டுக்காரர வரச்சொல்லி மோந்து பாக்கச் சொல்லுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் குடத்தை வைக்க இடம் விடவில்லை. ஐவி கீழே ஆற்றுக்கு நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வந்து குடத்தை இறக்கிவிட்டுப் புருசனிடம் ஒன்றுதான் கேட்டாள்:

"அது நல்லதா கெட்டதா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"நல்லதுன்னு ஐயா சொல்றாரு."

"நீங்க என்னா சொல்றீங்க?"

லியனார்ட் யோசித்தான். "நான் பாலத்த நம்புனாத்தான் லொறிய விடுவேன். அந்த ஐயா மூஞ்ச இன்னும் நல்லாப் பாக்கல. நாளைக்கிப் பாக்குறேன்."

அன்று மத்தியானம் துரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பஜாரில் சனம் கூடப் போகிறது என்று அவருக்கும் தகவல் வந்திருந்தது.

"லியனார்ட், மெயின் ரோட்டுல வராதே. உரச் சாக்குப் போட்டு மூடு. பழைய வண்டிப் பாதையில வா. யாருக்கும் தெரிய வேணாம்."

"அந்தப் பாதையில மரப்பாலம் உளுத்துப்போயி இருக்குங்க தொர. வெறும் லொறி போறதே சாமி புண்ணியம். ஈயத்தோட கனத்துல..."

"முடியாட்டி சாவிய மேசையில வை. டவுன்ல டிரைவர் இருக்கு."

லியனார்ட் மேசையைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். அந்தச் சாவி போனால் மறுபடியும் கவ்வாத்துக் கத்தி, மறுபடியும் அப்பனுடைய கூன். சலாம் போட்டுவிட்டுச் சாவியோடு வெளியே வந்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெளியே நின்ற வீரய்யா கேட்டார்: "என்னாப்பா, எந்தப் பாதை?"

"சாக்குப் போட்டு மூடிக்கிட்டுப் போறவன் கள்ளன், மாமா. நான் என்னா கோழியா திருடுறேன்?"

மறுநாள் கொட்டகலை ஸ்டேஷன். மரக் கூட்டுக்குள் அந்த ஈயக் குண்டான் இருந்தது. பார்க்கச் சின்னது, தூக்கப் போனால் பூமியோடு பூமியாய் ஒட்டிக்கொண்ட மாதிரிக் கனம். பலகை வைத்துத் தள்ளி, லொறியின் பின்கடைசியில் ஏற்றி, சங்கிலி போட்டு, நாலு பக்கமும் கட்டை அடித்து இறுக்கினான் லியனார்ட். வேலை முடிந்த அலுப்பில் வீரய்யா அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார்.

"ஐயோ! அதுக்கு மேல இராதையும்! எழும்பும், எழும்பும்!" என்று கத்தினார் கணேசமூர்த்தி ஐயா.

வீரய்யா துள்ளிக் குதித்தார். அவர் குதித்ததைப் பார்த்து ஸ்டேஷன் கூலிகள் ஓட, ஓடியவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஓட, பிளாட்பாரத்தில் ஒரு நாய்கூட மிச்சமில்லை.

"பயப்பிட ஒண்டுமில்லை," என்றார் ஐயா, தனியே நின்ற லியனார்டிடம். "சும்மா ஏன் கிட்ட இருக்கவேணும் எண்டுதான் சொன்னனான். நான் காரில முன்னால போறன். நீர் ஆறுதலா, மெல்ல வாரும்."

கார் போய்விட்டது. லியனார்ட் வீரய்யாவைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு லொறியைக் கிளப்பினான். ஸ்டேஷன் வாசலில் இடது பக்கம் வண்டிப் பாதை, வலது பக்கம் பஜார். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

பஜார் நடுவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மாட்டு வண்டி நின்றது. மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் சனம். கல்லுமலைச் சனமும் இருந்தது, கடைக்காரரும் இருந்தார்கள். முன்னால் நின்றது சிவசாமி, தோட்டத்து யூனியன் தலைவர். நல்ல மனுசன், லியனார்டோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்.

"லியனார்ட், வண்டியத் திருப்பு."

"எங்கிட்டுத் திருப்ப தலைவரே? ரயிலு போயிருச்சு."

"வெளையாடாத. இது ஊரு வழியா போகக்கூடாது."

"போன திருவிழாவுக்கு இதே லொறியில ராகலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேனே! மழை, பனி, முன்னுக்கு ஒரு முழம் தெரியல. கெபின் மேலயும் ஏறி ஒக்காந்து பாட்டுப் பாடுனீங்க. ‘எறங்குங்கடா, உருண்டா எலும்பு பொறுக்க முடியாது’ன்னு கத்துனேன். சிரிச்சீங்க. அன்னிக்கி வராத பயம் இன்னிக்கி எங்கயிருந்து வந்துச்சு?"

"அன்னிக்கி என்னா ஏறியிருக்கோம்னு தெரியும். நம்ம சனம். இன்னிக்கி என்னா ஏறியிருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

"வெடிக்காதுன்னு ஐயா சொல்லியிருக்காரு."

சிவசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "சொன்னாரா? ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் நம்ம தாத்தனக் கப்பல்ல ஏத்துனாங்க. ஒண்ணும் ஆகாதுன்னாங்க, நாப்பத்தெட்டுல நாடு போச்சு. ஒண்ணும் ஆகாதுன்னாங்க, இப்ப தலைய எண்ணிப் பங்கு போட்டாச்சு. ஒண்ணும் ஆகாதுங்கிற பேச்சக் கேட்டாலே மூட்டையக் கட்டத் தோணுதுப்பா. சரி, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன ஐயா எங்க? காட்டு பாப்போம்."

"கார்ல முன்னுக்குப் போயிட்டாரு."

"அதானே!"

சனம் முழுக்க அந்த 'அதானே'யைத் திருப்பிச் சொன்னது. பேச்சியம்மாவும் அங்கே நின்றாள், உரக்கச் சொன்னாள்: "குண்டு ஒனக்கு, காரு அவருக்கு! நல்ல பங்குதான் லியனார்டு!"

லியனார்டுக்குச் சுருக்கென்றது. சொன்னது எதிராளி; ஆனால் சொன்னது சரி. அவனுக்குள்ளும் பயம் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? காலையிலிருந்து மூன்று தரம் அந்தோனியாரைத் தொட்டுவிட்டான். பயம் இருந்தும் ஓட்டுகிறவன்தான் டிரைவர். பயமே இல்லாதவன் பள்ளத்தில் கிடப்பான். ஆனால் அந்தப் பயத்தில் தனக்கு மட்டும் பங்கு, சொன்னவருக்குப் பங்கில்லை என்பதை அவன் இதுவரை யோசிக்கவில்லை.

என்ஜினை அணைத்தான். சாவியை உருவி மடியில் கட்டிக்கொண்டான். கீழே இறங்கி மட்கார்டில் சாய்ந்து நின்றான்.

"நீங்க மாட்டு வண்டிய எடுக்க வேணாம் தலைவரே. நானும் லொறிய எடுக்க மாட்டேன். ஐயா வரட்டும்."

"எடுக்கலன்னா தொர ஒன்னய வுடுவாரா?" என்றார் சிவசாமி, குரல் இறங்கி. "வேல போயிருமேப்பா."

"வேல என்னுது. ஒங்களுக்கென்னா?"

லொறி பின்னால் வரவில்லை என்று கண்டு ஐயாவின் கார் திரும்பி வந்தது. ஐயா வியர்த்துப்போய் இறங்கினார்.

"என்ன லியனார்ட், ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்? இதை நடுரோட்டில விட்டுட்டு நிக்கேலாது!"

"ஐயா, ஒங்க காரு இங்கயே நிக்கட்டும். நீங்க லொறியில ஏறுங்க."

"நானோ? எனக்குக் கார் இருக்குதுதானே."

"அதாங்க பிரச்சன. சனம் குண்டானப் பாத்துப் பயப்படல. ஒங்க காரப் பாத்துத்தான் பயப்படுது. ஆபத்தில்லன்னா ஏறுங்க. ஆபத்துன்னா சொல்லுங்க, இங்கயே எறக்கி வச்சிட்டு நானும் இவங்களோட ஓடுறேன்."

படித்த ஐயாவை ஒரு லொறிக்காரன் லொறியில் ஏறு என்று சொல்லிக் கொட்டகலை கண்டதில்லை. ஐயா சனத்தைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார். கோபம் வந்த முகம்தான்; பிறகு என்னவோ தோன்றி அது மாறியது.

"நான் இதை யோசிக்கேல்லை," என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கெபினில் ஏறினார். வெள்ளைக் காற்சட்டையோடு, வீரய்யாவின் வெற்றிலை எச்சில் காய்ந்த சீட்டில்.

சிவசாமி தானே மாட்டு வண்டியின் நுகத்தைப் பிடித்து ஓரமாய் இழுத்தார். இழுத்துவிட்டு லொறிப் படியில் தொத்திக்கொண்டார்.

"நானும் வாரேன். போயி எங்க வைக்கிறாங்கன்னு கண்ணால பாத்துட்டு வந்து சனத்துக்குச் சொல்றேன்."

"படியில தொங்காதீங்க தலைவரே!" என்று கத்தினான் லியனார்ட். "இந்தப் படியில தொங்கித்தான் நம்மாளுங்க செத்திருக்காங்க, குண்டானால ஒருத்தனும் சாகல. உள்ள வாங்க. ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க!"

கெபினில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்தார்கள். கியர் மாற்ற ஐயாவின் முழங்காலை ஒவ்வொரு தரமும் தள்ள வேண்டியிருந்தது. முதல் வளைவில் வண்டி நின்றது. வீரய்யா இறங்கிச் சூடம் கொளுத்தினார்.

"இதென்ன, இப்ப ஏன் நிக்கிறம்?" என்றார் ஐயா.

"முனிக்குங்க."

"முனியோ? அவர் என்ன செய்வார்?"

"பிரேக்க அவரு பாத்துக்குவாரு. குண்டான நீங்க பாத்துக்குங்க," என்றார் வீரய்யா. சிவசாமி முதல் தடவையாக உண்மையாகச் சிரித்தார். போகிற வழியெல்லாம் ஐயாவைக் குடைந்து குடைந்து கேட்டார்: செடியில் போட்ட பிறகு அது எங்கே போகும், அந்தக் கொழுந்தை யார் பறிப்பது, ஓடைத் தண்ணீரில் கலக்குமா? ஐயா சிலதுக்குப் பதில் சொன்னார், சிலதுக்கு "அதைப் பாத்துத்தான் சொல்லவேணும்" என்றார். "இந்தா, இந்தப் பேச்சு நல்லாருக்கு," என்றார் சிவசாமி. "ஒண்ணும் ஆகாதுங்கிறத விட இது நல்லாருக்கு." சோதனைச் செடிகளைச் சுற்றி வேலி போடவும், அதில் நம் பெண்களைக் கொழுந்துக்கு விடாமலிருக்கவும் அன்றைக்கே வாக்கு வாங்கிக்கொண்டுதான் மலை இறங்கினார்.

மாலையில் துரை கூப்பிட்டார். சொன்ன பாதையில் வராதது, பஜாரில் வண்டியை நிறுத்தியது, ஆராய்ச்சி ஐயாவை லொறியில் ஏற்றியது எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

"சாவி."

லியனார்ட் சாவியை மேசையில் வைத்தான்.

"வச்சிட்டேன் தொர. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அடுத்த குண்டான் மழைக்காலத்துல வருதாம். டவுன் டிரைவரக் கூப்புட்டு ஏத்தச் சொல்லுங்க. வாரானான்னு பாப்போம்."

துரை டவுனுக்கு ஆள் அனுப்பினார். ஹட்டனில் கேட்டார்கள், பொகவந்தலாவையில் கேட்டார்கள். அந்த லொறியா, அணுகுண்டு லொறியா, என் பொண்டாட்டி தாலியை அறுக்கவா என்று ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் ஓடினார்கள். ஊரெல்லாம் பரவிய பயம் எந்த வேலையைப் பறிக்கப் பார்த்ததோ, அந்த வேலையை அதுவே காத்துக் கொடுத்தது. அந்த வாரமே சாவி லயத்துக்குத் திரும்பி வந்தது. துரையின் ஆள் கொண்டுவந்து கொடுத்தான். லியனார்ட் உடனே வாங்கவில்லை.

"ஐயா ஒவ்வொரு தரமும் லொறியில கூட வரணும். சாக்குப் போட்டு மூட மாட்டேன். பாலத்துப் பாதையில போக மாட்டேன். இதுக்குச் சம்மதம்னா குடு."

சம்மதித்தார்கள். வேறு வழி?

பீலியில் ஐவிக்கு மறுபடி இடம் கிடைத்தது. பேச்சியம்மாவே குடத்தை வாங்கி வைத்தாள். சந்தைக்குப் போக லொறியில் ஒரு இடம் வேண்டியிருந்தது அவளுக்கு. குண்டான் வருகிற நாளில் கேட்காதே, மற்ற நாளில் வா என்றாள் ஐவி.

அதற்குப் பிறகும் பலமுறை குண்டான் வந்தது. ஒவ்வொரு தரமும் பஜார் வழியே, பட்டப்பகலில், ஐயா நடுவில் உட்கார்ந்திருக்க. கடைக்காரர்கள் கை காட்டினார்கள். புதிதாய் லொறி ஓட்ட வந்த ஒருவன் தேத்தண்ணிக் கடையில் வைத்து ஒரு நாள் கேட்டான்: "அண்ணே, அந்தக் குண்டான் நெசமாவே ஆபத்தா, இல்லியா?"

லியனார்ட் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தான். மீசையைத் துடைத்தான்.

"அத என்கிட்ட கேக்காத. ஆபத்தில்லன்னு சொல்றவன் எங்க ஒக்காந்திருக்கான்னு பாரு. ஒனக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா வண்டிய எடு. இல்லன்னா சாவிய மடியில கட்டிக்க."